எயோலியத் தீவுகளில் ஒரு வாரம் பாய்மரப் படகு: ஏழு தீவும் முடியுமா? ஸ்த்ரோம்போலியில் இரவு எங்கே?

#1 கரைவலை

செப்டம்பர் கடைசி வாரம், சிசிலிக்கு வடக்கே எயோலியத் தீவுகள். 6 பேர், 12 மீட்டர் படகு, ஸ்கிப்பர் (வாடகைப் படகோட்டி) இல்லாமல் நாமே ஓட்டுவது. இருவரிடம் ஐசிசி (படகோட்டும் சர்வதேசத் தகுதிச்) சான்றிதழ் உண்டு, ஒருவரிடம் வி.எச்.எஃப் ரேடியோ சான்றிதழும் உண்டு. சிசிலி வடகரைத் துறையான போர்த்தோரோசாவில் சனி மாலை படகு கைக்கு வரும். அடுத்த வெள்ளி மாலை திரும்பிவிட வேண்டும்.

போட்டிருக்கும் கணக்கு: ஞாயிறு வுல்கானோ, திங்கள் லிபாரி, செவ்வாய் சலீனா, புதன் ஃபிலிகூடியும் அலிகூடியும், வியாழன் பனரேயா வழியாக ஸ்த்ரோம்போலி, இரவு அங்கேயே நங்கூரம். வெள்ளி நேராகப் போர்த்தோரோசா.

இது நடக்குமா? ஸ்த்ரோம்போலியில் இரவு நங்கூரம் போடுவதைப் பற்றி இணையத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எரிமலையைக் கடலிலிருந்து இரவில் பார்க்க வேண்டும் என்பது மட்டும் விட்டுக்கொடுக்க முடியாத ஆசை.

#2 அணியம்

வரைபடத்தில் அழகாக இருக்கிறது, கடலில் நடக்காது.

தூரத்தை வைத்தே பாருங்கள். போர்த்தோரோசா–வுல்கானோ 19 கடல் மைல். சலீனாவின் ரினெல்லாவிலிருந்து ஃபிலிகூடி 12, அங்கிருந்து அலிகூடி 10. அலிகூடியில் ஒழுங்கான ஒதுங்கிடம் கிடையாது, அதனால் அன்றே திரும்ப வேண்டும். அந்தப் புதன்கிழமை மட்டும் 30 மைலுக்கு மேல் போகும். மறுநாள் மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிக்கு ஓட்டம். கடைசி நாள் ஸ்த்ரோம்போலியிலிருந்து போர்த்தோரோசா 41 மைல். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் 8 மணி நேரத்துக்கு மேல். எதிர்க்காற்று வந்தால் பாயை இறக்கிவிட்டு எஞ்சினில்தான் வர வேண்டும், அதுவும் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டே.

பெரிய தவறு வேறு. உங்கள் கணக்கில் ஸ்த்ரோம்போலி ஒரே நாளில், அதுவும் கடைசி நாளுக்கு முந்தின நாளில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அன்று காற்று சரியில்லை என்றால் ஆசை அம்போ. அதை வாரத்தின் நடுவில் வையுங்கள். மூன்று நாளில் எந்த நாளுக்கும் தள்ளிக்கொள்ளும்படி இருக்கட்டும். மேற்குத் தீவுகள் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

#3 பாகக்கயிறு

நங்கூரக் கேள்விக்கு வருகிறேன். எரிமலைத் தீவில் பாய் ஓட்டுவது எளிது, படகை நிறுத்துவதுதான் வித்தை.

ஸ்த்ரோம்போலி கடல்மட்டத்துக்கு மேல் 924 மீட்டர். கடலடித் தரையிலிருந்து அளந்தால் சுமார் 3000 மீட்டர். அதாவது நாம் பார்ப்பது கூம்பின் நுனி. மேலே கண்ணுக்குத் தெரியும் சரிவு தண்ணீருக்குள்ளும் அப்படியே இறங்குகிறது. கரையோரம் ஒரு ஒல்லியான விளிம்பு, அதைத் தாண்டினால் ஆழம்.

வாடகைப் படகுகளில் வழக்கமாக 50 மீட்டர் சங்கிலி இருக்கும், 10 மி.மீ. தடிமன். இரவு தங்க, ஆழத்தைப்போல் 4 மடங்காவது சங்கிலி விட வேண்டும். ஆழத்தோடு அணியத்தின் (படகின் முன்முனை) உயரம் 1.2 மீட்டரையும் கூட்டணும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். 50-ஐ 4-ஆல் வகுத்தால் 12.5, அதில் 1.2 போனால் 11.3 மீட்டர். நம் மீனவர் கணக்கில் ஏறக்குறைய 6 பாகம் (இரு கை விரித்த நீளம் ஒரு பாகம்). அதற்கு மேல் ஆழமான இடம் உங்களுக்கு இரவுத் தங்கலுக்கு ஆகாது. படகு பதிவு செய்யும்போதே 70, 80 மீட்டர் சங்கிலி உள்ளதைக் கேளுங்கள். கிடைத்தால் உங்கள் தேர்வு கூடும்.

இப்போது சரிவு. 8 மீட்டர் ஆழத்தில் நங்கூரம் போட்டீர்கள், சரிவு 4-க்கு 1 என்று வையுங்கள். காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசினால் படகு 40 மீட்டர் வெளியே போய் நிற்கும். உங்களுக்குக் கீழே 18 மீட்டர் தண்ணீர். நங்கூரத்தை இழுக்கும் விசை சரிவில் கீழ்நோக்கி. மண்ணைக் கிளறிக்கொண்டு வர அதுவே போதும். விளிம்பைத் தாண்டியதும் நங்கூரம் வெறும் தண்ணீரில் தொங்கும், படகு காற்றோடு போகும், உள்ளே தூங்குபவருக்கு ஒன்றும் தெரியாது. காற்று திரும்பிக் கரையை நோக்கி வீசினால் நங்கூரம் நன்றாகப் பிடிக்கும், ஆனால் படகின் பின்பக்கம் பாறைக்கு மேல் வந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில் வசதியான நிலை என்று ஒன்று இல்லை.

தொங்கிவிட்ட சங்கிலியைத் தூக்குவதும் லேசில்லை. 10 மி.மீ. சங்கிலி மீட்டருக்கு 2.3 கிலோ. 50 மீட்டருக்கு 115 கிலோ, நங்கூரம் 20 கிலோ. தண்ணீருக்குள் எடை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வின்ச் (சங்கிலியைத் தூக்கும் மின்பொறி) திணறும், அதன் மின் பிரேக்கர் விழும். எஞ்சினை 1500 சுற்றில் வைத்துக்கொண்டு, 10 விநாடி தூக்கி 10 விநாடி நிறுத்தி, அப்படித்தான் ஏற்ற வேண்டும்.

#4 கரைவலை

@பாகக்கயிறு நன்றி அண்ணா, 11.3 கணக்கை எழுதி வைத்துக்கொண்டேன். ஸ்த்ரோம்போலியில் ஸ்காரி, ஃபிகோகிராந்தே பக்கம் மின்வரைபடம் 7, 8 மீட்டர் காட்டுகிறதே? அடி கருமணல் என்றும் போட்டிருக்கிறது. அங்கே ஏன் ஆகாது?

#5 பாகக்கயிறு

பகலில் ஆகும். அமைதியான நாளில் மூன்று மணி நேரம் நிற்கலாம், ஆள் படகிலேயே இருக்கணும். இரவுக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் ஆழமே இல்லை, அலை. தீவு உருண்டை வடிவம், வளைகுடா கிடையாது. மேற்கிலிருந்து வரும் அலையும் இரண்டு பக்கமும் வளைந்து சுற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்கு வந்துவிடும். காற்றே இல்லாத இரவிலும் படகு பக்கவாட்டில் உருளும், தட்டு டம்ளர் எல்லாம் தரையில் கிடக்கும்.

கருமணல் பரவாயில்லாமல் பிடிக்கும். ஆனால் மணலுக்கு நடுவே லாவாக் குண்டுகள் கிடக்கின்றன. நங்கூரம் ஒன்றின் அடியில் மாட்டினால் வின்ச்சால் எடுக்க முடியாது. அதற்கு நங்கூரத்தின் தலைப்பக்க வளையத்தில் 8 மி.மீ. கயிறு ஒன்றைக் கட்டி, மறுமுனையில் சின்ன மிதவை போடுங்கள். கயிறு ஆழத்தைவிட 2, 3 மீட்டர்தான் அதிகம் இருக்கணும். நீளமாக விட்டால் உங்கள் புரொப்பெல்லரிலேயே சுற்றும்.

போட்ட பிறகு பின்கியரில் மெதுவாக 1500 சுற்று, ஒரு நிமிடம், அப்புறம் 2000. சங்கிலியில் கை வைத்துப் பாருங்கள். விட்டு விட்டு அதிர்ந்தால் நங்கூரம் இழுபடுகிறது என்று அர்த்தம். அதிர்வில்லாமல் முறுக்கேறி நின்றால் பிடித்துவிட்டது. அதன்பிறகும் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒருவர் குதித்துப் பார்த்துவிடுவது நல்லது. அங்கே தண்ணீர் அவ்வளவு தெளிவு, 10 மீட்டரில் நங்கூரம் மண்ணில் புதைந்திருக்கிறதா சாய்ந்து கிடக்கிறதா என்று மேலிருந்தே தெரியும்.

#6 சோழகம்

காத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. அங்க முக்கியமானது ரெண்டு. வடமேற்கால வாற மாயெஸ்த்ராலே, தென்கிழக்கால வாற ஷிரோக்கோ. எங்கட ஆக்கள் சொல்ற மாதிரி கச்சானும் (மேல்காத்து) சோழகமும் (தென்காத்து) எண்டு ஒப்பிட ஏலாது. ரெண்டும் ஒரே கிழமையில மாறி மாறி வரும், அதுவும் செப்டெம்பர் கடைசியில.

வுல்கானோவில இதுக்கு வசதி இருக்கு. தீவுக்கும் வுல்கானெல்லோ எண்ட சின்ன மேட்டுக்கும் இடையில ஒரு ஒடுங்கின நிலம், அதின்ர ரெண்டு பக்கமும் ரெண்டு விரிகுடா. மேற்கால போர்த்தோ தி பொனெந்தே, கிழக்கால போர்த்தோ தி லெவாந்தே. தரையால நடந்தா 10, 15 நிமிசம். மேற்குப் பக்கம் கருமணல், 5 முதல் 10 மீட்டர், நல்லாப் பிடிக்கும். உங்கட 50 மீட்டர் சங்கிலிக்கு அளந்து வைச்ச இடம். ஆனா வடமேற்குக் காத்து துவங்கினா அங்க நிக்கக் கூடாது, மற்றப் பக்கம் போகோணும். இருட்ட முதல் முடிவெடுங்கோ. ராவு 2 மணிக்கு வுல்கானெல்லோவைச் சுத்திக்கொண்டு ஓடுறது நல்ல விளையாட்டில்லை.

மற்றது, மலையின்ர மறைவில காத்து இல்லை எண்டு நம்பி முழுப்பாயையும் விரிச்சுக்கொண்டு போகாதேங்கோ. சலீனாவின்ர மலை 962 மீட்டர். மறைவில 4 நாட் இருக்கும், திடீரெண்டு சரிவால உருண்டு வந்து 25 நாட் அடிக்கும். தண்ணி கறுத்து வாறதைக் கண்டால் அது வந்திட்டுது. முன்னமே பாயை ஒரு மடி குறைச்சுப் போட்டு ஓடுறதுதான் சுகம். லிபாரிக்கும் வுல்கானோவுக்கும் இடையில இருக்கிற வாய்க்கால் ஒரு கிலோமீட்டரும் இல்லை. அதுக்குள்ளயும் காத்து இறுகி வரும், நடுவில பியேத்ரா லூங்கா எண்ட பாறை தூண் மாதிரி நிக்கும்.

ஒரு கொசுறு: பலெர்மோவில இறங்கி வாறதெண்டால் பல்லரோச் சந்தைப் பக்கம் எங்கட சனத்தின்ர கடைகள் இருக்கு. அரிசி, தூள், கருவேப்பிலை அங்கேயே வாங்குங்கோ. தீவில கிடைக்காது.

#7 எரிமலைப்பித்தன்

ஸ்த்ரோம்போலி பற்றி நான் சொல்கிறேன்.

பார்க்க வேண்டியது வடமேற்குச் சரிவு, பெயர் ஷாரா தெல் ஃபுவோகோ. வாய்களிலிருந்து தெறிக்கும் தழல் அந்தச் சரிவில் உருண்டு கடலுக்கு வரும். சாதாரண நாளில் 10, 20 நிமிடத்துக்கு ஒரு வெடிப்பு. ஊர் இருப்பது வடகிழக்கில், அங்கே நங்கூரம் போட்டு உட்கார்ந்தால் எதுவும் தெரியாது. இதைத் தெரியாமல் ஸ்காரியில் இரவு முழுக்க உருண்டுவிட்டு வெறும் புகையைப் பார்த்து வருபவர்கள் உண்டு.

ஆகவே நங்கூரமே வேண்டாம். ஓட்டத்திலேயே பாருங்கள். பனரேயாவிலிருந்து மாலை 3:30-க்குக் கிளம்பினால் 5:45 வாக்கில் தென்மேற்கு முனை ஜினோஸ்த்ராவுக்கு வெளியே இருப்பீர்கள். அந்த வாரத்தில் சூரியன் மறைவது சுமார் 6:55. மேற்குக் கரையோரமாக மெதுவாக வடக்கே ஏறி, இருட்டும்போது ஷாராவுக்கு எதிரே. பாய் இறக்கி, எஞ்சின் மெல்லிய ஓட்டத்தில், அணியம் வெளியே கடலைப் பார்த்தபடி. இந்தக் கடைசி வார்த்தையைத் தயவுசெய்து கவனியுங்கள்: ஓட வேண்டியிருந்தால் திரும்பும் நேரம் மிச்சம்.

ஏன் ஓட வேண்டியிருக்கும்? 2002 டிசம்பர் 30 அன்று இந்தச் சரிவு கடலில் சரிந்து சுனாமி வந்தது, ஊர்க்கரையில் பத்து மீட்டர் உயரம் வரை ஏறியது. 2019 ஜூலை 3, ஆகஸ்ட் 28 இரண்டு நாளும் பெருவெடிப்பு. சூடான சாம்பலும் வாயுவும் சரிவில் இறங்கி, கடலின் மேலேயே பல நூறு மீட்டர் ஓடி வந்தது. ஜூலை வெடிப்பில் மலையேறிய ஒருவர் இறந்தார். 2024 ஜூலையிலும் பெரிய அளவில் நடந்தது.

அதனால் கடலோரக் காவல் படை சரிவுக்கு எதிரே நுழைவுத் தடை எல்லை போடும். எத்தனை தூரம் என்பது எச்சரிக்கை நிலையைப் பொறுத்து மாறும். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நான்கு நிலைகள். போன வருடம் யாரோ எழுதிய எண்ணை நம்பாதீர்கள். கிளம்பும் நாளில் துறைமுக அலுவலகத்தில் நடப்பு உத்தரவைக் கேளுங்கள். அல்லது வி.எச்.எஃப் ரேடியோவில் சேனல் 16-இல் கூப்பிட்டுக் கேட்கலாம். அவசர எண் 1530. அந்த எல்லையை மின்வரைபடத்தில் கோடாகப் போட்டு, மீறினால் ஒலி எழுப்பும்படி வையுங்கள். இரவில் தூரத்தைக் கண்ணால் மதிப்பிடவே முடியாது, நெருப்பு எப்போதும் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும்.

நிலவு இல்லாத இரவு கிடைத்தால் பாக்கியம். தொலைநோக்கி 7×50 போதும், அதற்கு மேல் பெருக்கினால் படகு ஆட்டத்தில் ஒன்றும் நிற்காது.

#8 உப்புக்காற்று

சாம்பலைச் சொல்ல மறந்தீர்கள். காற்று எரிமலையிலிருந்து உங்கள் பக்கம் வீசினால் மேல்தளம் முழுக்கக் கறுப்புத் தூள். அது சாம்பல் என்று பெயர், உண்மையில் பொடித்த கண்ணாடி. துணியால் துடைத்தால் ஜன்னல் பிளாஸ்டிக், ஜெல்கோட் (படகின் மேற்பூச்சு) எல்லாம் கீறல், முன்பணத்தில் பிடித்துவிடுவார்கள். முதலில் வாளி வாளியாகக் கடல்நீர், தூள் ஓடிய பிறகு கொஞ்சம் நல்ல தண்ணீர். வின்ச்சில் சுற்றியிருக்கும் கயிறுகளையும் அலசுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்றைக்குக் கண்ணாடிக்கு மாறுவது நல்லது.

லிபாரியின் வடகிழக்கில் காம்போ பியாங்கோ, பழைய நுரைக்கல் சுரங்கம். வெள்ளைச் சரிவு, பால் கலந்த நீலத் தண்ணீர், நீந்த அருமை. ஆனால் அந்தக் கல் மிதக்கும். பட்டாணி அளவுத் துண்டுகள் எஞ்சினின் கடல்நீர் வடிகட்டியில் போய் அடையும். அங்கே நின்ற மறுநாள் காலை, கீழே வால்வை மூடிவிட்டு வடிகட்டியைத் திறந்து பாருங்கள். திரும்ப வால்வைத் திறக்க மறந்து எஞ்சினை ஓட்டுவதுதான் அடுத்த விபத்து: தண்ணீர் இல்லாமல் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் (சுழல் சக்கரம்) சீக்கிரமே கிழிந்துவிடும். உபரி இம்பெல்லர் இருக்கிறதா என்று படகைப் பொறுப்பேற்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் போட்டதும் புகைக்குழாயில் தண்ணீர் துப்புகிறதா என்று எட்டிப் பார்ப்பது ஒரு பழக்கமாகட்டும்.

வுல்கானோவில் லெவாந்தே பக்கம் கரையோரத்தில் வாயு குமிழியிடும் இடத்துக்குப் பக்கத்தில் நங்கூரம் வேண்டாம். கந்தக வாயுவில் வெள்ளி நகை கறுக்கும். காற்றின் கீழ்ப்பக்கம் நின்றால் மின் இணைப்புச் செம்பும் அப்படித்தான். 2021 நவம்பரில் வாயு அதிகமாகி, துறைமுகப் பகுதி வீடுகளில் இரவு தங்கவே தடை போட்டார்கள். கார்பன் டை ஆக்சைடு பள்ளத்தில் தேங்கும், வாசனை இருக்காது.

கட்டமரானைப் பற்றியும் யோசியுங்கள். பெயரைக் கொடுத்ததே நம் கட்டுமரம்தான்! உருளும் நங்கூரத்தில் இரண்டு உடல் படகு ரொம்பக் குறைவாக ஆடும்.

#9 பாகக்கயிறு

@உப்புக்காற்று ஆட்டம் குறையும், சரி. ஆனால் சலீனா, லிபாரி துறைகளில் கட்டமரானுக்கு அகலமான இடம் கிடைப்பது பெரும்பாடு, கட்டணமும் கூட. எதிர்காற்றில் ஏறவும் மாட்டாது. இவர்கள் 6 பேர்தானே, ஒற்றை உடலே போதும்.

மிதவைகளைப் பற்றி ஒன்று. பனரேயாவிலும் ஸ்த்ரோம்போலியிலும் கோடையில் படகு கட்டும் மிதவைகள் போட்டிருப்பார்கள். ரப்பர் படகில் ஒருவர் வந்து கட்டிக்கொடுப்பார், ரொக்கம் வைத்திருங்கள். இந்த மிதவை எத்தனை டன் தாங்கும் என்று முதலில் கேளுங்கள். இரண்டு கயிறு, தனித்தனியாக, இரண்டும் வளையத்துக்குள் போய் உங்கள் படகுக்கே திரும்பி வரும்படி. கிளம்பும்போது ஒரு முனையை விட்டால் போதும். குளித்துக்கொண்டே அடியில் இருக்கும் ஷாக்கிளை (இரும்பு இணைப்பு வளையம்) பாருங்கள். பாதி தேய்ந்திருந்தால் வேறு மிதவை. பருவம் முடியும்போது பல மிதவைகளை எடுத்துவிடுவார்கள், ஆகவே முன்கூட்டியே போன் செய்யுங்கள்.

#10 கரைவலை

எல்லாவற்றையும் வைத்து மாற்றிய கணக்கு:

ஞாயிறு வுல்கானோ, காற்றைப் பார்த்து மேற்கா கிழக்கா. திங்கள் காம்போ பியாங்கோவில் குளியல், பனரேயாவில் மிதவை. செவ்வாய் மாலை ஸ்த்ரோம்போலி ஓட்டம். சரியில்லை என்றால் புதன், அதுவும் இல்லை என்றால் வியாழன். அதுவரை பனரேயா அல்லது சலீனா. வெள்ளி போர்த்தோரோசா.

ஒரே சந்தேகம்: ஷாராவைப் பார்த்துவிட்டு இரவு 8:45-க்கு எங்கே போவது? பனரேயா மிதவைக்கே திரும்பலாமா?

#11 அணியம்

வேண்டாம். பனரேயாவின் மிதவைகள் கிழக்கில். அந்தப் பக்கம் முழுக்கச் சிறு தீவுகளும் பாறைகளும்: பசிலூட்சோ, தாத்திலோ, லிஸ்கா பியாங்கா, போத்தாரோ. போதாக்குறைக்கு லே ஃபோர்மிகே, அதாவது எறும்புகள், என்ற பாறைத்திட்டு. பகலில் சொர்க்கம், இருட்டில் அங்கே என்ன வேலை?

சலீனாவின் சாந்தா மரீனா துறைக்குப் போங்கள். 21 மைல், எஞ்சினில் 4 மணி நேரம், 1 மணி வாக்கில் சேரலாம். நேர்க்கோடு பனரேயாவுக்கு மேற்கே 2 மைலுக்கு மேல் விட்டுப் போகிறது, வழியில் பாறை கிடையாது. துறைக்குக் காலையிலேயே போன் செய்து, இரவு தாமதமாக வருகிறோம் என்று இடம் பிடித்து வையுங்கள். டீசல் மணிக்கு 4 லிட்டர் கணக்கில் ஒரு பொருட்டே இல்லை.

அந்த வழியில் ஒரே ஆபத்து கன்னிட்சி. இலையுதிர் காலத்தில் லம்பூகா மீனுக்காகச் சிசிலி மீனவர்கள் பனையோலையை மிதவையில் கட்டி, கயிறு போட்டு ஆழ்கடலில் விடுவார்கள். நிழலுக்கு மீன் கூடும், சுற்றி வலை போடுவார்கள். நம்மூரில் கணவாய்க்குத் தென்னம்மட்டை போடுகிற அதே தந்திரம். விளக்கு இருக்காது, ராடாரிலும் தெரியாது. கயிறு புரொப்பெல்லரில் சுற்றினால் எஞ்சின் நின்றுவிடும். அதனால் இரவில் 5 நாட் வேகத்துக்கு மேல் வேண்டாம், அணியத்தில் ஒருவர் லைஃப் ஜாக்கெட், இணைப்புக் கயிறோடு. சுற்றிவிட்டால் கியரை உடனே நடுவுக்குக் கொண்டுவந்து, முன்பாயை விரித்துக் கரையை விட்டு விலகுங்கள். இருட்டில் யாரும் கத்தியோடு தண்ணீரில் குதிக்கக் கூடாது.

#12 கரைவலை

புரிந்தது. கன்னிட்சி என்ற பெயரையே இன்றுதான் கேள்விப்படுகிறேன். @பாகக்கயிறு வின்ச் பிரேக்கர் விழும் என்றீர்களே, அது எங்கே இருக்கும்?

#13 பாகக்கயிறு

படகுக்குப் படகு மாறும். பெரும்பாலும் பாட்டரி பக்கத்தில், பின்னறைக் கட்டிலுக்கு அடியில். சனிக்கிழமை படகைக் காட்டுபவரிடம் அதைக் கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அப்படியே சங்கிலியின் கடைசி முனை எதில் கட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். இரும்புக் கொக்கியில் நேராக மாட்டியிருந்தால் அவசரத்தில் கழற்ற முடியாது. தளத்துக்கு மேலே எட்டும் நீளத்தில் ஒரு நைலான் கயிறு நடுவில் இருக்கணும், கத்தியால் ஒரே இழுப்பில் அறுக்கிற மாதிரி. இல்லையென்றால் 3 மீட்டர் கயிறு கேட்டு வாங்கி அன்றே கட்டிவிடுங்கள்.